நேர்காணல் ஆய்வை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? விளையாட்டு உளவியலில் மூன்று வழிகளின் ஒப்பீடு

விளையாட்டு வீரர்களோடு நீண்ட நேர்காணல்கள் நடத்தி, அவர்கள் சொன்னதை எழுத்துப்படியாக்கி, அதிலிருந்து முடிவுகளுக்கு வரும் பண்புசார் ஆய்வாளர் எவரும் ஒரு கட்டத்தில் ஒரு தேர்வைச் செய்தாக வேண்டும். தம் முடிவுகள் ஏற்கத்தக்கவை என்பதை எந்த அடிப்படையில் காட்டப்போகிறார் என்பதே அந்தத் தேர்வு. எண்களைக் கொண்டு அளக்கும் அளவுசார் ஆய்வில் இதற்குப் பழகிய விடைகள் உண்டு: வினாப்பட்டியலின் ஏற்புடைமை (அளக்க நினைத்ததையே அது அளக்கிறதா என்பது), நம்பகத்தன்மைக் கெழு (திரும்ப அளந்தாலும் அதே விடை வருமா என்பதைக் காட்டும் எண்), மாதிரியின் அளவு. நேர்காணல் ஆய்வில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை கிடையாது. இருக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம். முன்கூட்டியே வகுக்கப்பட்ட அளவுகோல் பட்டியலைப் பின்பற்றுவது ஒன்று; அளவுகோல்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறும் என்னும் சார்பியல்வாத நிலைப்பாட்டை ஏற்பது மற்றொன்று; ஆய்வாளரின் கூற்று உலகில் உள்ளதோடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று கேட்கும் மெய்ம்மைவாத நிலைப்பாட்டை ஏற்பது மூன்றாவது. முனைவர் பட்ட ஆய்வைத் திட்டமிடுபவர்களையும், பிறர் ஆய்வேடுகளை மதிப்பிடுபவர்களையும் மனத்தில் வைத்து இவற்றை ஒப்பிடுகிறேன். மூன்றும் சமமான தகுதி உடையவை என்று நான் கருதவில்லை.

இந்தத் துறையில் நேர்காணல் ஆய்வு வேரூன்றி நீண்ட காலம் ஆகிவிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் அறிவு மட்டும் போதாது, வீரர்களின் அனுபவத்திலிருந்து பெறும் அறிவுக்கும் இடம் தர வேண்டும் என்று ரெய்னர் மார்ட்டென்ஸ் எழுதியது 1987-இல். அடுத்த சில ஆண்டுகளில், முன்னாள் முன்னணிப் பனிச்சறுக்கு நடன வீரர்கள் 26 பேரிடம் டாரா ஸ்கேன்லனும் அவருடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆய்வும், 1988 சியோல் ஒலிம்பிக்கில் பங்கேற்ற அமெரிக்க மல்யுத்த அணியின் 20 பேரிடம் டேனியல் கூல்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வும் வெளிவந்தன. மூன்று முக்கிய ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளைக் கணக்கெடுத்தவர்கள், பண்புசார் ஆய்வுகளின் பங்கு 1990-களில் 17.3 விழுக்காடாக இருந்து அடுத்த பத்தாண்டில் 29 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டினார்கள். எண்ணிக்கை இவ்வளவு வேகமாகக் கூடியபோது, எது நல்ல ஆய்வு என்ற கேள்வியும் தள்ளிப்போட முடியாததாயிற்று.

பட்டியல் வழி

முதலில் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது ஆய்வு முறையியலாளர்கள் இவோனா லிங்கனும் ஈகான் கூபாவும் 1985-இல் முன்வைத்த நான்கு அளவுகோல்கள். அளவுசார் ஆய்வின் அக ஏற்புடைமைக்கு இணையாக நம்பத்தகுநிலை, புற ஏற்புடைமைக்கு இணையாகப் பிற சூழலுக்குப் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு, நம்பகத்தன்மைக்கு இணையாகச் சார்ந்திருக்கத்தக்க நிலை, புறவயத்தன்மைக்கு இணையாக உறுதிப்படுத்தத்தக்க நிலை என்று அவை அமைந்தன. ஒவ்வொன்றையும் அடைய இன்னின்ன உத்திகள் என்ற வழிகாட்டுதலும் உடன் வந்தது. 2010-இல் சாரா டிரேசி, எந்தக் கோட்பாட்டுப் பின்னணி கொண்ட பண்புசார் ஆய்வுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எட்டு அளவுகோல்களைத் தொகுத்தார். நேர்காணல் ஆய்வை அறிக்கையாக எழுதும்போது எவற்றைச் சொல்ல வேண்டும் என்று காட்டும், சுகாதாரத் துறையில் 2007-இல் வெளியான கோரெக் (COREQ) பட்டியலில் 32 கூறுகள் உள்ளன.

பட்டியல் வழியின் நன்மைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நேர்காணல் என்றாலே கதை கேட்பது என்று ஒதுக்கிவைத்த துறைகளில் அதற்கு ஒரு நாற்காலி கிடைத்தது இந்தப் பட்டியல்களால்தான். நெறியாளருக்கு இந்த முறையில் பயிற்சி இல்லாத இடத்தில் தனியாகத் தொடங்கும் மாணவருக்கு, எதையெல்லாம் மறந்துவிடக் கூடாது என்பதையாவது ஒரு பட்டியல் நினைவூட்டும். யார் நேர்காணல் செய்தார், அவருக்கும் வீரருக்கும் முன்பே பழக்கம் உண்டா, அணித் தேர்வில் அவருக்குப் பங்கு உண்டா என்பவற்றை எழுதாமல் விட்ட ஆய்வேடுகளை நான் படித்திருக்கிறேன். அந்தக் குறையை 32 கேள்விகள் தடுத்திருக்கும்.

சிக்கல், உத்திகளே உத்தரவாதமாகக் கருதப்படும்போது தொடங்குகிறது. பிரெட் ஸ்மித்தும் கெர்ரி மெக்கானனும் 2018-இல் விளையாட்டு உளவியல் ஆய்வுகளை முன்வைத்து எழுதிய விமர்சனம் இதையே குறிவைத்தது. ஆளுக்கு ஆள் மாறும் பல மெய்ம்மைகள் உண்டு என்று முறையியல் அத்தியாயத்தில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே, சரியான உத்தியைப் பயன்படுத்தினால் ஆய்வாளரின் சாய்வு நீங்கி உண்மை துலங்கிவிடும் என்று நடந்துகொள்வது முரண்பாடு என்றார்கள். இந்த முரண்பாடு எங்கே வெளிப்படுகிறது என்பதைப் பார்க்க, அடிக்கடி கையாளப்படும் மூன்று உத்திகளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

முதலாவது பங்கேற்பாளர் சரிபார்ப்பு. எழுத்துப்படியையோ முடிவுகளையோ வீரரிடம் திருப்பிக் காட்டி, சரிதானா என்று கேட்பது. லிங்கனும் கூபாவும் நம்பத்தகுநிலைக்கு இதையே மிக முக்கியமான உத்தியாகக் கருதினார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்துத் தன் பேச்சைப் படிக்கும் வீரர் அன்று பேசியவராகவே இருப்பதில்லை. இடையில் அணியிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம், அல்லது பதக்கம் வென்றிருக்கலாம். ஆய்வாளர் படித்தவர், தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர் என்ற தயக்கம் உள்ள இடத்தில் 'சரிதான் சார்' என்ற விடையைத் தவிர வேறு விடை வருவது அரிது. தமிழில் நடந்த நேர்காணலை ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்திலேயே குறியிட்டு (பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள்பெயர் இட்டு), அந்தத் தொகுப்பைக் கபடி வீரரிடம் காட்டிச் சரிபார்த்ததாக எழுதுவதில் எந்தப் பொருளும் இல்லை. பாடிப் போகும் முன் 'நெஞ்சு படபடங்குது' என்று அவர் சொன்னதும், அடிபட்ட பிறகு 'காலை ஊன்றவே பயமா இருக்கு' என்று சொன்னதும், பயிற்சியாளர் பார்வையில் 'கூசிப் போச்சு' என்று சொன்னதும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்கிவிட்டால், இழப்பு எதுவென்று அவராலும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, குறியிடுவோர் உடன்பாடு. இருவர் தனித்தனியே ஒரே எழுத்துப்படியைக் குறியிட்டு, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு எஞ்சும் ஒற்றுமையைக் கோஹனின் காப்பா என்ற எண்ணால் காட்டுவது வழக்கம். ஒரே குறியீட்டுக் கையேட்டில் பயிற்சி பெற்ற இருவர் ஒத்துப்போவது அந்தப் பயிற்சியின் வெற்றி. வீரரின் அனுபவத்தை இருவரும் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அது சான்று ஆகாது. இதில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. 'மனஅழுத்தம்' போன்ற பருமனான குறியீடுகளில் எளிதில் உடன்பாடு வரும். தோல்விக்குப் பின் வீட்டில் நிலவும் மௌனத்தை வீரர் எப்படி வாசிக்கிறார் என்பது போன்ற நுட்பமான குறியீடுகளில் வராது. எண் உயர வேண்டும் என்ற கட்டாயத்தில் நுட்பமானவை கழிக்கப்படுகின்றன. நேர்காணலைத் தேர்ந்தெடுத்ததே அவற்றுக்காக அல்லவா?

மூன்றாவது, புதிதாக எதுவும் வராத நிலையை எட்டிவிட்டோம் என்று அறிவிக்கும் தெவிட்டுநிலை. சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் இதை முன்வைத்தபோது, பகுப்பாய்வும் ஆள் தேர்வும் கைகோத்து நடக்கும் கோட்பாட்டு உருவாக்கத்தின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். பின்னாளில், கானா, நைஜீரியா ஆகிய நாடுகளில் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஒரு கட்டுரை, முதல் 12 நேர்காணல்களுக்குள் பெரும்பாலான குறியீடுகள் வந்துவிட்டன என்று கண்டது. அந்த 12 என்ற எண் தன் ஊரையும் பொருளையும் விட்டுப் பிரிந்து, எந்த ஆய்வுக்கும் பொருந்தும் விதிபோலப் பயணம் செய்கிறது. உளவியலாளர்கள் பிரவுனும் கிளார்க்கும், தாங்கள் வகுத்த தன்னுணர்வுக் கருப்பொருள் பகுப்பாய்வுக்கும் (ஆய்வாளரின் பார்வையும் பங்கு பெறும் வகையில் தரவிலிருந்து கருப்பொருள்களை உருவாக்கும் முறை) தெவிட்டுநிலைக்கும் பொருத்தமில்லை என்று 2021-இல் தெளிவாகவே எழுதினார்கள். அதன் பிறகும், அவர்களைச் சான்று காட்டிவிட்டு அடுத்த வரியிலேயே தெவிட்டுநிலை எட்டியதாக எழுதும் ஆய்வேடுகள் வந்துகொண்டிருக்கின்றன.

பட்டியலுக்குள் இருக்கும் அளவுகோல்களே ஒன்றோடொன்று மோதும்போது எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் பட்டியல் சொல்வதில்லை. படிப்பவர் தம் சூழலுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால் செறிவான விவரணை தேவை. பங்கேற்பாளரின் அடையாளம் காக்கப்பட வேண்டுமென்றால் விவரங்களை மறைக்க வேண்டும். ஓர் ஒலிம்பிக் அணியின் 20 பேரின் பெயர்களும் பொதுவெளியில் உள்ளவை. எடைப்பிரிவையும் தோற்ற சுற்றையும் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும்.

சார்பியல்வாத வழி

ஆண்ட்ரூ ஸ்பார்க்ஸ் 1998-இல் விளையாட்டு உளவியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், லிங்கனும் கூபாவும் தந்தவை போன்ற, அளவுசார் ஆய்வுக்கு இணையான அளவுகோல்களையே ஒரே வழியாகக் கொள்ளும் போக்கைக் கேள்விக்கு உட்படுத்தினார். 2009-இல் அவரும் பிரெட் ஸ்மித்தும் அதை மேலும் விரித்தார்கள். கோட்பாட்டுக் கலப்பற்ற பார்வை எவருக்கும் இல்லை. ஆகவே எந்த ஆய்வையும் வெளியே நின்று அளக்கும் கோலும் இல்லை. அளவுகோல்கள் ஆய்வின் நோக்கத்துக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளப்படுபவை. பட்டியல் இருக்கலாம், ஆனால் அது திறந்த பட்டியல். ஒரு படைப்பை எதிர்கொள்ளும்போது சில சேரும், சில விலகும். பொருள் முக்கியமானதா, விவரணை செறிவானதா, படிப்பவரை அசைக்கிறதா, கோவையாக உள்ளதா, எழுதியவர் தம் இடத்தை ஒளிக்காமல் காட்டுகிறாரா என்பவை போன்ற கேள்விகள் அதில் வரும். சரிபார்ப்புக்குப் பதிலாக, வீரரோடு சேர்ந்து முடிவுகளைப் பற்றி மறுபடி பேசி, வேறுபாடு வந்தால் அதையும் புதிய தரவாகக் கொள்ளலாம் என்கிறார்கள். இரண்டாவது குறியிடுநருக்குப் பதிலாக, ஆய்வாளரின் விளக்கத்தைக் கேள்வி கேட்டு, வேறு வாசிப்புகளை முன்வைக்கும் ஒரு விமர்சன நண்பர் போதும் என்கிறார்கள்.

இந்த வழியின் வலிமையை உணர ஓர் உண்மையான ஆய்வைப் பார்ப்பது நல்லது. தானே தொழில்முறை கோல்ஃப் வீராங்கனையாக இருந்த கிட்ரினா டக்ளஸும் டேவிட் கார்லஸும் பெண் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களின் வாழ்க்கைக் கதைகளை ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள். வெற்றியே எல்லாம், மற்றவை பின்னால் என்ற செயல்திறன் கதையோடு, புதியதைக் கண்டடைவதை மையமாகக் கொண்ட கதையும், உறவுகளை மையமாகக் கொண்ட கதையும் உயர்மட்ட விளையாட்டில் இருக்கின்றன என்று காட்டினார்கள். இந்த ஆய்வைக் காப்பா மதிப்பால் அளப்பது, கவிதையைப் படியால் அளப்பது போன்றது. ஒரு கதையை முழுதாக வாங்கிக்கொண்டு, அதன் ஓட்டத்தை உடைக்காமல் வாசிப்பதே அங்கு முறை. துண்டு துண்டாகக் குறியிட்டால் கதை போய்விடும். அதே சமயம் கூல்டின் மல்யுத்த ஆய்வுக்கு வேறு நோக்கம். சிறந்த ஆட்டத்துக்கும் மோசமான ஆட்டத்துக்கும் முன் வீரர்களின் மனநிலை எப்படி வேறுபட்டது என்று அது கேட்டது; மூன்று ஆய்வாளர்கள் கலந்து பேசி ஒருமித்த கருப்பொருள்களை அமைத்தார்கள். அதனிடம் அது வாக்களித்ததைக் கேட்பதுதான் நியாயம். சார்பியல்வாத வழி இந்த நியாயத்தைத் தருகிறது.

இந்த வழியில் எதுவும் செல்லும் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி வைக்கப்படுகிறது. அது சரியான வாசிப்பு அல்ல. தீர்ப்பு சொல்வதை இவர்கள் கைவிடவில்லை. தீர்ப்புக்குக் காரணம் காட்ட வேண்டிய பொறுப்பைக் கூட்டியிருக்கிறார்கள். என் கவலை வேறு. அளவுகோலைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்ற சுதந்திரத்தை, எழுத்துத் திறன் மிக்க ஆய்வாளர் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்த முடியும். படிப்பவரை அசைக்கும் கட்டுரை, அசைக்கும் காரணத்தாலேயே தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லவும் கூடும். இன்னொரு கவலையும் உண்டு. அதை மூன்றாவது வழியோடு சேர்த்தே பேச வேண்டும்.

மெய்ம்மைவாத வழி

ஜோசப் மேக்ஸ்வெல் 1992-இல் ஒரு நேரடியான கருத்தைச் சொன்னார்: ஏற்புடைமை என்பது முறைகளின் குணம் அல்ல, அந்த முறைகளால் அடைந்த கூற்றுகளின் குணம். என்ன நடந்தது என்று சொன்னது சரியா, பங்கேற்பாளர் அதற்குக் கொடுத்த பொருளைச் சரியாகப் பிடித்தோமா, அதை விளக்கக் கொண்டுவந்த கோட்பாடு தாங்குமா என்று ஒவ்வொரு வகைக் கூற்றுக்கும் தனிக் கேள்வி உண்டு. இதே மரபில், தத்துவவாதி ராய் பாஸ்கரின் விமர்சன மெய்ம்மைவாதத்தை ஒட்டி, நோரா ரொன்கைனனும் கரேத் வில்ட்ஷையரும் 2021-இல் விளையாட்டு உளவியலுக்கான ஏற்புடைமையை மறுபரிசீலனை செய்தார்கள். நம் அறிவு எப்போதும் ஒரு நிலையிலிருந்து பெறப்படுவது, தவறக்கூடியது என்பதை இவர்களும் ஏற்கிறார்கள். ஆனால் நாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும் உலகில் சில இருக்கின்றன, அவற்றைப் பற்றிய விளக்கங்களில் ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்ததாக இருக்க முடியும் என்பதில் உறுதியாக நிற்கிறார்கள். தரவு அந்த முடிவைத் தாங்குகிறதா, சொல்லப்படும் காரண அமைப்பு உண்மையில் இருக்கக்கூடியதா, நடைமுறைக்குப் பயன் தருமா என்ற கேள்விகள் இங்கே மையமாகின்றன.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அல்ல. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் செய்த பாலியல் குற்றங்களுக்கு 2018 ஜனவரியில் மிச்சிகனில் தண்டனை விதிக்கப்பட்ட விசாரணையில், 150-க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார்கள். அவர்களில் பலர், சிறுமிகளாக இருந்தபோது அதைச் சிகிச்சை என்றே நம்பினோம் என்றார்கள். அந்த ஆண்டுகளில் ஓர் ஆய்வாளர் அவர்களில் ஒருவரிடம் அணி மருத்துவரைப் பற்றிக் கேட்டு, பதிலைச் செறிவாக எழுதி, சரிபார்ப்புக்குக் கொடுத்திருந்தால், 'ஆம், இதுதான் என் அனுபவம்' என்ற ஒப்புதல் கிடைத்திருக்கக்கூடும். அது அவர் கொடுத்த பொருளின் உண்மை. நடந்தது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் ஆய்வாளரிடம் இருந்தாக வேண்டும். பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸில் துன்புறுத்தல் பற்றி 2022-இல் வெளியான வைட் அறிக்கைக்கு 400-க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவங்களை அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் ஒரு மெய்ம்மை என்று அருகருகே அடுக்கிவைத்திருந்தால் அந்த விசாரணைக்கு வேலையே இருந்திருக்காது. எடை கண்காணிப்பு, புகார் நடைமுறை, பயிற்சியாளர்-குழந்தை அதிகார உறவு ஆகியவை எப்படிச் செயல்பட்டன என்ற காரணக் கேள்விக்கு அது விடை தேட வேண்டியிருந்தது.

மெய்ம்மைவாத வழிக்கும் ஓர் ஆபத்து உண்டு. இருக்கக்கூடியது எது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள கோட்பாடுதான். உயர்மட்ட விளையாட்டுக்கு ஒரே மனதான வெற்றிவெறி தேவை என்பது முடிவான உண்மையாகக் கருதப்பட்ட இடத்தில், உறவுகளுக்காக ஆடுகிறேன் என்று சொன்ன கோல்ஃப் வீராங்கனையின் கதை 'நம்பத்தகாதது' என்று தள்ளப்பட்டிருக்கும். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர், தம் விளக்கத்தை மறுக்கும் சாட்சியங்களைத் தேடிப் போய் எடுத்துவைக்க வேண்டும். போட்டி விளக்கங்களை ஆய்வேட்டிலேயே நிறுத்தி வாதிட வேண்டும். இதற்கு நேரமும் பக்கங்களும் பிடிக்கும். ஆய்விதழ்களின் சொல் வரம்புக்குள் இதைச் செய்வது கடினம்.

எந்த ஆய்வுக்கு எது

என் முடிவு, கூற்றின் தன்மையிலிருந்து தொடங்குகிறது. 'இந்தச் சூழலில் இது இதனால் நடக்கிறது' என்று சொல்லப்போகும் ஆய்வு, அதிலும் குறிப்பாகக் காயம், துன்புறுத்தல், உணவுக் கோளாறு, இளம் வீரர்கள் விளையாட்டை விட்டு விலகுவது ஆகியவை பற்றிச் சொல்லி, அதன் பேரில் ஒரு சங்கமோ பயிற்சியாளரோ நடவடிக்கை எடுக்கக்கூடிய ஆய்வு, மெய்ம்மைவாத வழியில் நிற்பதே பொறுப்பானது. தவறினால் விலை கொடுக்கப்போவது வீரர். 'இந்த வாழ்க்கையை இவர் இப்படிச் சொல்லிக்கொள்கிறார், இதுவரை கேட்கப்படாத ஒரு கதைவடிவம் இங்கே இருக்கிறது' என்று சொல்லும் ஆய்வுக்குச் சார்பியல்வாத வழி இயல்பாகப் பொருந்தும். ஆனால் எந்த அளவுகோல்களால் தம்மை மதிப்பிடலாம் என்பதை ஆய்வாளர் முடிவுகளுக்கு முன்பே, முறையியல் அத்தியாயத்தில் அறிவித்துவிட வேண்டும். பிறகு தேர்ந்துகொள்ளும் அளவுகோல், அம்பு பாய்ந்த இடத்தில் வட்டம் வரைவதுதான். பட்டியல்களை நான் அறிக்கையிடும் உதவியாக மட்டும் வைத்துக்கொள்வேன்: எழுதி முடித்த பிறகு எதை விட்டுவிட்டோம் என்று பார்க்க.

ஒரே ஆய்வேட்டில் இரண்டும் வரலாம். அடிபட்டுத் திரும்பிய ஓட்டக்காரர்களைப் பற்றிய ஆய்வின் ஓர் அத்தியாயம் அவர்கள் கதைகளையும், அடுத்தது திரும்பும் தேதியை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதையும் ஆராயலாம். அப்போது ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் அதற்குரிய அளவுகோலைத் தனியே சொல்வது போதுமானது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து, நான்கு நூல்களைச் சான்று காட்டி மூடிவிடுவதுதான் தேர்வாளரின் முதல் கேள்விக்கே உடைந்துபோகிறது.

நடைமுறையில் மாணவர்கள் அதிகம் அஞ்சுவது, காப்பா எங்கே, 12 பேர் போதுமா என்று கேட்கும் மதிப்பீட்டாளரைத்தான். அவருக்குக் கொடுக்கும் பதிலில் இரண்டு பகுதிகள் இருக்க வேண்டும். அவர் கேட்கும் உத்தி, இந்த ஆய்வு முன்வைக்கும் வகைக் கூற்றுக்கு ஏன் சான்றாகாது என்பது ஒன்று. அதற்கு ஈடாக இந்த ஆய்வு எதைச் செய்தது என்பது மற்றொன்று. விமர்சன நண்பரின் கேள்வியால் மாற்றப்பட்ட ஒரு கருப்பொருளை, மாறுவதற்கு முன்னும் பின்னும் இருந்த வடிவத்தோடு காட்டலாம். தன் விளக்கத்தோடு உடன்படாத வீரர் தமிழில் சொன்ன மறுப்பை அவர் சொற்களிலேயே தந்து, அதன் பிறகும் ஆய்வாளர் ஏன் தம் விளக்கத்தில் நின்றார், அல்லது ஏன் மாற்றிக்கொண்டார் என்பதை எழுதலாம். முதல் பகுதியை மட்டும் எழுதி அனுப்பிய பதில்கள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்; திருப்பியனுப்பிய மதிப்பீட்டாளர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.